பெட்டிக்குப் பாகப்பிரிவினை

பொன்செல்வி: ...விண்டோஸையே போடுலேங்கேன். எத்தன தடவ சொல்லுதது?

வன்னியராஜ்: முடியாதுக்கா. லினக்ஸ்தான்.

பொன்செல்வி: பெட்டி யாருது?

வன்னியராஜ்: பகல்ல உன்னது, சாயந்தரம் என்னது.

பொன்செல்வி: கடை?

வன்னியராஜ்: கடை உன்னது. "க. பொன்செல்வி, பத்திர எழுத்தர், ஸ்ரீவைகுண்டம்." போர்டுக்கு பெயிண்ட் அடிச்சவனே நாந்தான, தெரியாதா?

பொன்செல்வி: அப்போ போர்டுல பேர் இருக்கவ சொல்லுததக் கேளு.

வன்னியராஜ்: கேட்டுட்டேன். லினக்ஸ்.

பொன்செல்வி: ஏலே... ஞாயித்துக்கிழம, பத்திர ஆபீஸ் லீவு, ஒரு மணி நேரத்துல முடிச்சுட்டுப் போயிரலாம்னு சொல்லித்தான கூட்டிட்டு வந்த? காலைல இருந்து ரெண்டு பென்டிரைவ கைல வச்சு உருட்டிக்கிட்டே இருக்க, தாயக்கட்ட மாதிரி.

வன்னியராஜ்: செவப்புல விண்டோஸ் பதினொண்ணு. கறுப்புல லினக்ஸ். நீ கறுப்புன்னு சொல்லு, அடுத்த நிமிஷம் குத்திருதேன்.

பொன்செல்வி: இப்ப இருக்கதுக்கு என்ன கேடு? நல்லாத்தான ஓடுது.

வன்னியராஜ்: ஓடும். ஆனா இந்தப் பழைய விண்டோஸுக்கு அக்டோபரோட பாதுகாப்பு அப்டேட்ட நிறுத்தியாச்சு. இனி ஓட்ட விழுந்தா அடைச்சுத் தர ஆளு இல்ல. ஊர்க்காரன் உயிலும் கிரயமும் கிடக்க பெட்டிக்கா இது. கதவத் தொறந்து போட்டுட்டு உறங்க முடியுமா?

பொன்செல்வி: அதான் புது விண்டோஸப் போடுங்கேன். உனக்கும் நல்லது.

வன்னியராஜ்: எனக்கு என்ன நல்லது?

பொன்செல்வி: தை மாசம் பாளையங்கோட்டைல போட்டி இருக்குல்லா? அஞ்சு பேரு சேந்து டப்பு டப்புன்னு சுடுவிய...

வன்னியராஜ்: வெறும் சுடுததுன்னு சொல்லாத. திட்டம் போட்டு, ஒருத்தன் முன்னால, ஒருத்தன்...

பொன்செல்வி: சரிலே, திட்டம் போட்டுச் சுடுவிய. அது லினக்ஸ்ல ஓடுமா?

வன்னியராஜ்: நெறைய விளையாட்டு ஓடும்க்கா. முன்ன மாதிரி கிடையாது. விண்டோஸ்காரன் விளையாட்ட லினக்ஸுக்குப் புரியுத மாதிரி நடுவுல நின்னு எடுத்துச் சொல்லுததுக்கு ஏற்பாடெல்லாம் வந்துட்டு. கார் ஓட்டுதது, கோட்ட கட்டுதது, கதை விளையாட்டு...

பொன்செல்வி: கோட்டயும் கொத்தளமும் யாரு கேட்டா? உங்க அஞ்சு பேரு விளையாட்டு ஓடுமா?

வன்னியராஜ்: ...ஓடாது.

பொன்செல்வி: ஏனாம்?

வன்னியராஜ்: எவனும் கள்ளத்தனம் பண்ணாம இருக்கணும்லா? அதுக்கு விளையாட்டுக்காரனே கூட ஒரு காவக்காரன அனுப்புவான். அவன் பெட்டிக்குள்ள அடிமட்டம் வரைக்கும் இறங்கி உக்காந்துக்கிடுவான். விண்டோஸ்ல அவனுக்கு இடம் உண்டு. லினக்ஸ்ல அப்படி உக்கார முடியாது. காவக்காரன் இல்லன்னா விளையாட்டு கதவத் திறக்காது.

பொன்செல்வி: அப்போ அவன் என் பத்திரத்தையும் பாப்பானா?

வன்னியராஜ்: பாக்கமாட்டேன்னுதான் சொல்லுதான். ஆனா பாக்க முடியுத இடத்துல உக்காந்திருக்கான்லா.

பொன்செல்வி: ம்ம்... சரி, அது கிடக்கட்டும். அப்போ போட்டிக்கு என்ன பண்ணுவ?

வன்னியராஜ்: எங்க டீம் அய்மன்ட்ட வேற ஆளப் போட்டுக்கிடச் சொல்லிட்டேன்.

பொன்செல்வி: என்னது?

வன்னியராஜ்: கத்தாதக்கா.

பொன்செல்வி: கத்துவேன். மதுரைல நாப்பது டீமுல ரெண்டாவது வந்தவன்லே நீ! மேலப்பாளையத்துல இருந்து அந்த அய்மன் பய பஸ் ஏறி வந்து, "அக்கா, இவன் இல்லாம நாங்க இல்ல"ன்னு இந்த பெஞ்சுல உக்காந்து சொன்னான். அந்தக் கேடயத்த எங்கன வச்சிருக்கேன்னு திரும்பிப் பாரு.

வன்னியராஜ்: தெரியும். சரஸ்வதி படத்துக்குப் பக்கத்துல.

பொன்செல்வி: கிரயம் முடிக்க வாரவுக யாரும் கேக்கலன்னாக்கூட நானே சொல்லுவேன், என் தம்பி வாங்குனதுன்னு. உன் கதையக் கேட்டுட்டுத்தான் இந்த மேசைல எவரும் கையெழுத்துப் போட முடியும்.

வன்னியராஜ்: எனக்கு வெக்கமா இருக்கும்.

பொன்செல்வி: உனக்கு வெக்கம், எனக்குப் பெரும. உன் வெக்கத்துக்காக என் பெருமய விட முடியுமாலே?

வன்னியராஜ்: இதையே அப்பாட்ட சொல்லிப் பாரேன்.

பொன்செல்வி: அப்பா விக்கிரமசிங்கபுரம் மில்லுல முப்பது வருஷம் கிடந்த மனுஷன். சங்கு ஊதுனாத்தான் அவருக்கு அது வேலை. உன் விளையாட்டுக்கு எவன் சங்கு ஊதுவான்?

வன்னியராஜ்: நல்ல வார்த்த சொல்லுக்கா, ஞாயித்துக்கிழமையும் அதுவுமா.

பொன்செல்வி: சிரிக்காத. பதில் சொல்லு. எதுக்குலே விட்டுக் கொடுக்க?

வன்னியராஜ்: உன் மேசைக்கு ஒரு பேரு இருக்குல்லா. "பொன்செல்விட்ட சொன்னா கிணத்துல போட்ட கல்லு"ன்னு ஊரு சொல்லுதுல்லா. அதுக்குத்தான்.

பொன்செல்வி: என் பேருக்கு இப்ப என்ன வந்துட்டு?

வன்னியராஜ்: ஒண்ணும் வரல. வராம இருக்கணும்னு...

பொன்செல்வி: பன்னெண்டு வருஷம்லே. மூத்த பொண்டாட்டிக்குத் தெரியாம இளையவளுக்கு எழுதுனவன் உண்டு, புள்ளைக்குத் தெரியாம கோயிலுக்கு எழுதுனவன் உண்டு. உங்க அத்தான்கிட்டகூட நான் ஒரு வார்த்த சொன்னது கிடையாது. வெள்ளத்தன்னைக்குக் கழுத்து மட்டும் தண்ணி. ஊரே அரிசியயும் பருப்பையும் தூக்குது. நான் என்னத்தத் தூக்குனேன்?

வன்னியராஜ்: பெட்டியத் தூக்குன. இந்தா, இந்த மேசைக்கு அடில சாக்கு சுத்தி வச்சிருக்கியே, இதே பழைய பெட்டியத்தான். தலைல வச்சுக்கிட்டு மாடிப்படி ஏறுன. நாந்தான பின்னால முதுகத் தாங்கிட்டு வந்தேன்.

பொன்செல்வி: அப்படிக் காப்பாத்துன பேரு. அதுக்கு இந்த விண்டோஸ் வந்து என்ன...

கருத்தையா: என்ன தாயி, ஞாயித்துக்கிழமையும் ஷட்டர் பாதி தொறந்து கிடக்கு? அக்காவும் தம்பியும் போடுத சத்தம் பக்கத்துல என் பத்திரக் கடை வரைக்கும் கேக்கு.

பொன்செல்வி: வாங்க அண்ணாச்சி. நீங்க என்ன இன்னைக்கு?

கருத்தையா: மூக்குக்கண்ணாடிய மேசைலயே வச்சுட்டுப் போயிட்டேன். அது இல்லாம வீட்டுக்காரி மூஞ்சி கூடத் தெளிவாத் தெரியல... நேத்து ராத்திரி ரொம்ப நிம்மதியா இருந்துது. கொஞ்சம் தண்ணி குடு.

வன்னியராஜ்: அண்ணாச்சி, நீங்களே நியாயம் சொல்லுங்க. பத்திர எழுத்தர் பெட்டில எது இருக்கணும்? நாம சொன்னத மட்டும் செய்யுததா, நம்மகிட்ட ஆயிரம் கேள்வி கேக்குததா?

கருத்தையா: என்கிட்டயா கேக்க? மக பெங்களூர்ல இருந்து லேப்டாப்பு அனுப்பிருக்கா. தொறந்த உடனே அதுவா பேசுது வே! எவ உள்ள இருக்கான்னு பயந்து, கேமரா கண்ணுல மருந்துப் பிளாஸ்திரி ஒட்டி, மேல துண்டப் போட்டு மூடி வச்சிருக்கேன்.

வன்னியராஜ்: ரொம்ப சரி அண்ணாச்சி. ஒட்டுனது ஒட்டுனபடியே இருக்கட்டும்.

பொன்செல்வி: நீங்க வேற அவனுக்குத் தூபம் போடாதிய.

கருத்தையா: நேத்து ஒரு கூத்து கேளு. ஊரு சொல்லமாட்டேன், பேரு சொல்லமாட்டேன். ஒருத்தரு உயில் எழுத வந்தாரு. எல்லாம் எழுதி முடிச்சு, சாட்சிக்கு யாருன்னு கேட்டா, சொத்து வாங்கப்போற அண்ணன் மவனையே முன்னால நிறுத்துதாரு.

வன்னியராஜ்: அதுல என்ன தப்பு அண்ணாச்சி?

கருத்தையா: எங்க மேசை வழக்கம் தெரியாதா உனக்கு? உயில்ல பங்கு வாங்குதவன் சாட்சியா நிக்கப்பிடாது. சாட்சியா நின்னா அவனுக்குப் பங்கு கிடையாது. நாளைக்கு, "இவன் கூட நின்னு மிரட்டி எழுதி வாங்கிட்டான்"ன்னு பேச்சு வந்திரும்லா? அதனால பேனாவ நீட்டும்போது ஒரே ஒரு கேள்விதான் கேப்பேன். "பங்கா, சாட்சியா?"

வன்னியராஜ்: அவன் என்ன சொன்னான்?

கருத்தையா: என்ன சொல்லுவான்? பேனாவ பட்டுன்னு கீழ வச்சுட்டான். எல்லாவனும் அப்படித்தான். என் சர்வீஸ்ல கீழ வைக்காத ஒரே ஒரு ஆளத்தான் பாத்துருக்கேன். அதுவும் இப்பத்தான், கொஞ்ச நாளைக்கு முன்னால...

பொன்செல்வி: அண்ணாச்சி, தண்ணி குடிச்சாச்சுல்லா?

கருத்தையா: குடிச்சாச்சு தாயி.

பொன்செல்வி: கண்ணாடியும் சட்டைப் பையில இருக்குல்லா?

கருத்தையா: இருக்கு, இருக்கு. வெரட்டுத, போறேன். வாரேன் வே வன்னியராசு. எந்தச் சனியனப் போட்டாலும் வாயில்லாத சனியனாப் போடு.

வன்னியராஜ்: பாத்தியா? அண்ணாச்சி ஓட்டு லினக்ஸுக்கு.

பொன்செல்வி: அண்ணாச்சி கிடக்காரு. இங்கன பாரு. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. நீ எதையோ மறைக்க.

வன்னியராஜ்: நான் என்ன மறைக்கப் போறேன்?

பொன்செல்வி: காதத் தடவுத.

வன்னியராஜ்: அரிக்கி.

பொன்செல்வி: பள்ளிக்கூடத்துல ஸ்லேட்ட உடைச்சுட்டு வந்தப்பவும் உனக்கு அரிச்சுது. சொல்லுலே. ரெண்டாவது வந்த பய விளையாட்டையே விடுதான்னா சும்மா இல்ல.

வன்னியராஜ்: ...நான் சொன்னா நீ உறங்க மாட்ட.

பொன்செல்வி: சொல்லலன்னாலும் இனி உறங்கப் போறதில்ல. சொல்லு.

வன்னியராஜ்: ஆடி மாசம் இந்தப் பெட்டியத் துடைச்சு மறுபடி விண்டோஸ் போட்டேன்லா?

பொன்செல்வி: ஆமா.

வன்னியராஜ்: அப்போ அது மெயில் ஐடி கேட்டுது. உன்னது உனக்கே ஞாபகம் இல்லன்னுட்ட. என்னதப் போட்டேன். விளையாட்டுக்கும் அதே ஐடிதான்...

பொன்செல்வி: நாந்தான் போடச் சொன்னேன். சரி.

வன்னியராஜ்: பொறவு அது ஒவ்வொண்ணா கேள்வி கேட்டுது. இதச் செய்யட்டுமா, அதச் செய்யட்டுமான்னு. இங்கிலீஷ்ல பக்கம் பக்கமா. நீ பின்னால நின்னுக்கிட்டு, "பத்திரத்துக்கு ஆளு நிக்காக, எல்லாத்துக்கும் சரின்னு அமுக்குலே"ன்ன...

பொன்செல்வி: ...ஆமா. சொன்னேன்.

வன்னியராஜ்: அமுக்குனேன். அதுல ஒண்ணு, "இந்தப் பெட்டில உள்ளத எல்லாம் வெளிய எங்க இடத்துல ஒரு நகல் எடுத்து வச்சுக்கிடவா"ன்னு கேட்டது. விண்டோஸ்காரன் திருடல. கேட்டுட்டுத்தான் செஞ்சான். நாமதான் வாசிக்கல.

பொன்செல்வி: ஏலே... அப்போ...

வன்னியராஜ்: உன் பத்திரம் எல்லாம் என் கணக்குக்குப் போயிருக்கு. என் போனுக்கு வந்துட்டு.

பொன்செல்வி: எல்லாமா?

வன்னியராஜ்: பதினஞ்சு நாளு. அந்தப் பதினஞ்சு நாள்ல நீ அடிச்சது எல்லாம்.

பொன்செல்வி: முருகா...

வன்னியராஜ்: அக்கா, உக்காரு. உக்காரு முதல்ல. வேற யாரு கண்ணுலயும் படல. நான் கண்டுபிடிச்ச அன்னைக்கே நிறுத்திட்டேன். இங்கன உள்ளத பத்திரமா எடுத்து வச்சுட்டு, அங்க உள்ளதத் துடைச்சேன். குப்பைத்தொட்டியக் கூட காலி பண்ணிட்டேன். பாஸ்வேர்ட மாத்திட்டேன். அந்த போனையே அழிச்சுப் புதுசாக்கித்தான் வச்சிருக்கேன்.

பொன்செல்வி: ஊர்ல உள்ளவன் கைநாட்டு வைக்கும்போது, அவனுக்கு ஒவ்வொரு வரியா வாசிச்சுக் காட்டுதவ நான். "வாசிக்காம எதுலயும் கை வைக்காதிய"ன்னு சொல்லுதவ நான்... என் பெட்டில நானே...

வன்னியராஜ்: நீ இல்ல. நான் அமுக்குனேன். அதான் தினம் மனசு குத்துது. விண்டோஸ்லயும் அத அணைக்கலாம், அணைச்சுத்தான் வச்சிருக்கேன். ஆனா அடுத்த அப்டேட்ல அது என்ன கேக்கும், நான் சிசிடிவி கேமரா மாட்டுத வேலைக்குப் போன நேரத்துல இங்கன யாரு அவசரத்துல எத அமுக்குவான்னு யாரு கண்டா? நீ வெள்ளத்துல தலைல தூக்குன பேரக்கா. அத நான் ஒரு விரலால கொட்டிக் கவுத்தப் பாத்தேன். அதுக்கு ஒரு போட்டிய விடுதது பெரிசா?

பொன்செல்வி: ...வந்தத எல்லாம் படிச்சியாலே?

வன்னியராஜ்: நான் கேமரா மாட்டப் போற வீட்டுல, அவுக பாஸ்வேர்டு வைக்கும்போது முதுகத் திருப்பிக்கிட்டு நிப்பேன். என்னப் போயி...

பொன்செல்வி: காத விட்டுட்டுச் சொல்லு.

வன்னியராஜ்: ...ஊர்க்காரங்களுது ஒண்ணு கூடத் தொறக்கல. சாமி சத்தியமா.

பொன்செல்வி: சரி. நம்புதேன். நீ சொன்னா நம்புதேன்.

வன்னியராஜ்: அப்போ கறுப்பு பென்டிரைவக் குத்தட்டுமா?

பொன்செல்வி: இரு. அவசரப்பட்டு ஒரு தடவ அமுக்குனது போதும். நான் கேக்கேன், வாசிச்சுட்டுப் பதில் சொல்லு. பத்திரம் அடிக்க பெரிய பெட்டி வேணுமா?

வன்னியராஜ்: வேண்டாம். பத்திரத்துக்கு எதுக்கு கிராபிக்ஸ் கார்டு? கிழட்டுப் பெட்டி போதும்.

பொன்செல்வி: இந்தா, சாக்கு சுத்திக் கிடக்கே. இதுல லினக்ஸ் ஏறுமா?

வன்னியராஜ்: ...இதுலயா? புது விண்டோஸ் இதச் சீண்டாது. ரொம்பப் பழசு. லினக்ஸ் ஏறும். ஏறும்க்கா! எனக்கு ஏன் இது தோணல?

பொன்செல்வி: தியாகம் பண்ணுத அவசரத்துல யாருக்கு என்ன தோணும்? என்னோட டைப்ரைட்டர் கட்டை வருமா? எனக்கு இன்ஸ்டிட்யூட்ல படிச்ச விரலு. வேற மாதிரி போகாது.

வன்னியராஜ்: வரும். தமிழ் டைப்ரைட்டர் விசைப்பலகை அதுல இருக்கு. பழைய எழுத்துல அடிச்ச பத்திரத்துக்கும் அதே எழுத்த எடுத்துப் போட்டுத் தாரேன். பிரிண்டரும் பேசும், நான் பாத்து வச்சிருக்கேன். பத்திர ஆபீஸ் சோலிக்கு பிரவுசர் போதும்.

பொன்செல்வி: அப்போ பாகப்பிரிவினை பண்ணிருவோம். எழுதிக்கிடு... "நாளது தேதியில் அக்காள் தம்பி இருவரும் மனமொத்து எழுதிக்கொண்ட பாகப்பிரிவினைப் பத்திரம் யாதெனில்..."

வன்னியராஜ்: ஆரம்பிச்சுட்டா!

பொன்செல்வி: "ஏ தபசில் சொத்து விவரம், பெரிய பெட்டி ஒன்று, கார்டு சகிதம், வன்னியராஜுக்கு. அதில் விண்டோஸ் போட்டு, காவக்காரனைக் குடிவைத்து, சர்வ சுதந்திரமாய் விளையாடிக்கொள்ள வேண்டியது. மேற்படி பெட்டிக்குள் ஒரு பத்திரமும் நுழையக் கூடாது."

வன்னியராஜ்: பி தபசில்?

பொன்செல்வி: "பழைய பெட்டி ஒன்று, வெள்ளத்தில் மீண்டது, பொன்செல்விக்கு. அதில் லினக்ஸ் போட்டு, பூட்டுப் போட்டு, விளையாட்டு நுழையாமல் ஆண்டு அனுபவிக்க வேண்டியது. இதற்கு நான்கெல்லை: வடக்கே டேபிள் ஃபேன், கிழக்கே பசை டப்பா..."

வன்னியராஜ்: சாட்சிக்கு கருத்தையா அண்ணாச்சியக் கூப்பிடணும். நாம ரெண்டு பேரும் பங்குக்காரங்க. போட முடியாது.

பொன்செல்வி: ...ம். சட்டம் படிச்சுட்ட. சாக்க அவிழு.

வன்னியராஜ்: அக்கா, நிஜமாவா? நான் தைக்குப் போகலாமா?

பொன்செல்வி: போகலாமாவா? போகலன்னா காத அறுத்துருவேன், பொறவு தடவ முடியாது. அய்மனுக்கு இப்பவே போன் பண்ணு.

வன்னியராஜ்: இந்தா, குத்திட்டேன். பெட்டிக்குள்ள போடாமலே சும்மா ஓட்டிப் பாக்கலாம். ...வருது, வருது. எம்மா! சாக்குல கிடந்த சவம் எந்திரிச்சு உக்காந்துட்டு பாரு!

பொன்செல்வி: சவம்னு சொல்லாத என் பெட்டிய. தள்ளு. கட்டையக் குடு.

வன்னியராஜ்: என்ன அடிக்க?

பொன்செல்வி: என் பேரு. உன் பேரு. ...விரலு போகுதுலே. எழுத்து உடையாம வருது. யாரும் ஒரு கேள்வி கேக்கல.

வன்னியராஜ்: கேக்காது.

பொன்செல்வி: உன் பெட்டிய அப்பா வீட்டுக்குத் தூக்கிட்டுப் போ. மாடி ரூம்ல வையி. புதுசா காங்கிரீட் போட்ருக்க, ஒரு சொட்டு ஒழுகாது.

வன்னியராஜ்: மாடில வேண்டாம்... கீழ வராண்டாவுல வச்சுக்கிடுதேன்.

பொன்செல்வி: ஏன்? புரட்டாசி பூரா வெயில்ல நின்னு, பரிசுப் பணத்தையும் கேமரா வேலைச் சம்பளத்தையும் போட்டுக் கட்டுனது நீதான?

வன்னியராஜ்: கட்டுனேன். ஆனா அங்க நிரந்தரமா ஒயரு இழுத்து, ஆணி அடிச்சு... நாளைக்கு உன் புள்ளைங்க வந்து இருக்க ரூமு.

பொன்செல்வி: என் புள்ளைங்களா? அது எங்க இருந்து வந்துச்சு?

வன்னியராஜ்: சும்மா சொன்னேன். போற போக்குல.

பொன்செல்வி: கை எங்க போகுது பாரு... ஏலே! ஊர்க்காரங்களுது ஒண்ணு கூடத் தொறக்கலன்னு சொன்ன. ஊர்க்காரங்களுது இல்லாத ஒண்ணத் தொறந்திருக்க.

வன்னியராஜ்: விடுக்கா.

பொன்செல்வி: யாரோடது?

வன்னியராஜ்: நான் தினம் மூஞ்சில முழிக்க ஆளோடது.

பொன்செல்வி: ...அப்பாவோடதா?

வன்னியராஜ்: பத்திரத்துப் பேரெல்லாம் வரிசையா நிக்கி. நடுவுல அப்பா பேரு. கை போயிட்டு. ரெண்டாவது வரிலயே மூடிட்டேன், ஆனா ரெண்டாவது வரிலயே இருந்துச்சு. "என் வீடு முழுவதும் என் மகள் பொன்செல்விக்கு."

பொன்செல்வி: இது ஆடியில.

வன்னியராஜ்: ஆடி பதினெட்டு. ஆத்துல கூட்டம். நான் படித்துறைல உக்காந்து பாத்தேன்.

பொன்செல்வி: அது தெரிஞ்சுமாலே புரட்டாசியில கூரையப் போட்ட?

வன்னியராஜ்: வீடு ஒழுகுச்சு. அப்பா கட்டுலுக்கு மேலயே ஒழுகுச்சு. யாரு பேர்ல இருந்தா என்ன, மழைக்குத் தெரியுமா?

பொன்செல்வி: நாலு மாசம்... ஒரு வார்த்த கேக்கல. மூஞ்சியத் தூக்கல. எனக்கு தீவாளிக்குச் சேலை எடுத்துட்டு வந்த...

வன்னியராஜ்: உன் மேசைல இருந்து போன ரகசியம்க்கா. நான் வாயத் தொறந்தா, முதல்முதல்ல உன் கடைல இருந்து ஒண்ணு வெளிய போச்சுன்னு ஆயிரும். கிணத்துல போட்ட கல்லு கிணத்துலயே கிடக்கட்டும்னு விட்டுட்டேன். அதோட உனக்குன்னு எழுதுனதுல எனக்கு என்ன வருத்தம்? நீ சம்பாதிச்ச பேரு அது.

பொன்செல்வி: இங்கன வா. வாலே. ...என் தம்பிங்கத நினைச்சா எனக்கு நெஞ்சு கொள்ளல. கேடயம் என்ன கேடயம், அந்த அலமாரில உன்னையே தூக்கி வைக்கணும்.

வன்னியராஜ்: அழாதக்கா. கட்டைல தண்ணி விழுது, பெட்டிக்கு மறுபடி வெள்ளம் வந்திரும்.

பொன்செல்வி: ஆனா கோட்டிப் பயலே, இவ்வளவு நாளு என் கூட இருந்து உனக்கு ஒண்ணு தோணலயா? எனக்குச் சொத்து வார உயில நானே என் மேசைல முடிப்பேனா?

வன்னியராஜ்: அடிச்சிருந்தியே.

பொன்செல்வி: அப்பா வந்து உக்காந்து சொன்னாரு. சொன்னத அடிச்சேன். அப்படியே அவருக்கு வாசிச்சுக் காட்டிட்டு, "இது இந்த மேசைல நடக்காதுப்பா. வேணும்னா பக்கத்துல அண்ணாச்சி மேசைக்குப் போங்க"ன்னேன். கையெழுத்தே விழாத காயிதம்லே நீ படிச்சது.

வன்னியராஜ்: அப்போ அண்ணாச்சி மேசைல வேற எழுதுனாங்களா?

பொன்செல்வி: அன்னைக்கே எழுதி, ஆவணியில ரிஜிஸ்தர் ஆச்சு.

வன்னியராஜ்: அதுல என்ன இருக்கு?

பொன்செல்வி: அது அண்ணாச்சிக்கும் அப்பாவுக்கும்தான் தெரியும். நான் கேக்கல. கேட்டாலும் அவரு சொல்லமாட்டாரு.

வன்னியராஜ்: வேற என்ன இருக்கும்? அதேதான் இருக்கும். அப்பா ஒண்ணு நினைச்சா மாத்துத ஆளா?

பொன்செல்வி: அன்னைக்கு ஒரு மணி நேரம் அவரோட மல்லுக்கு நின்னேன். "பொட்டி முன்னால உக்காந்து விளையாடுத பய, வீட்ட வித்துத் தின்னுருவான்"ன்னாரு. "நாப்பது டீமுல ரெண்டாவது வந்த பயலுக்கு ஒரு வீட்டக் காப்பாத்தத் தெரியும்"னேன். உங்க அத்தான் வீடு எனக்குப் போதும்னேன்.

வன்னியராஜ்: என்ன சொன்னாரு?

பொன்செல்வி: வேட்டிய உதறிக் கட்டிக்கிட்டு அண்ணாச்சி மேசைக்குப் போயிட்டாரு.

வன்னியராஜ்: பாத்தியா? மசியல. வீடு உனக்குத்தான்க்கா. சந்தோஷமாத்தான் சொல்லுதேன்.

பொன்செல்வி: எனக்கு இல்லலே.

வன்னியராஜ்: உள்ள என்ன இருக்குன்னு தெரியாதுன்னு சொல்லுத. எனக்கு இல்லைன்னும் சொல்லுத. ரெண்டும் எப்படிச் சரியா வரும்?

பொன்செல்வி: சாட்சிக்கு ஒரு ஆளு குறையுதுன்னு அண்ணாச்சி அங்கன இருந்து சத்தம் போட்டாரு. நானே போயி நின்னேன். மனுஷன் என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பாத்தாரு. பேனாவ நீட்டிக்கிட்டே, "பங்கா தாயி, சாட்சியா?"ன்னு கேட்டாரு. நான் பேனாவ வாங்கிட்டேன்லே.